பிறந்த முதல் நாளே ஊசியா? பயப்படாதீங்க... அதில் வைரஸே கிடையாது!

செங்கோட்டை, தென்காசி பக்கம் மஞ்சள் காமாலை என்றதும் வீட்டுப் பெரியவர்கள் தேடுவது கீழாநெல்லியைத்தான். ஆனால், பிரசவ வார்டில் பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாத பிள்ளைக்கு ‘ஹெபடைட்டிஸ் பி’ ஊசி என்றால் பலருக்குத் தயக்கம். பச்சைப் பிள்ளை உடம்பில் கிருமியை ஏற்றுகிறார்களோ என்ற பயம்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. தாயிடம் இந்த வைரஸ் இருந்தால், பிரசவத்தின்போதே பிள்ளைக்குத் தொற்றலாம். பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் உடம்பே விரட்டிவிடும். கைக்குழந்தைக்கு வந்தால், 100-ல் சுமார் 90 பேருக்கு அது கல்லீரலிலேயே தங்கிவிடும். பிற்காலத்தில் கல்லீரல் சுருக்கம், புற்றுநோய் வரைக்கும் இழுத்துச் செல்லும்.

சரி, ஊசியில் என்ன இருக்கிறது? வைரஸின் மேலுறையில் உள்ள ஒரே ஒரு புரதம். சட்டையை மட்டும் காட்டி, ‘இதைப் போட்டுக்கொண்டு எவன் வந்தாலும் விடாதே’ என்று உடம்புக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி.

1981-ல் அமெரிக்காவில் வந்த முதல் தடுப்பூசிக்கு, நோய்த்தொற்று உள்ளவர்களின் ரத்தத்திலிருந்தே இந்தப் புரதத்தைப் பிரித்தார்கள். அதற்கு மாற்றாக, புரதத்துக்கான மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்துப் பார்த்தார்கள். இன்சுலினை அப்படித்தான் தயாரித்து 1982-ல் விற்பனைக்கே கொண்டுவந்திருந்தார்கள். ஆனால் இந்தப் புரதம் சரியாக மடிந்து, குட்டி உருண்டைகளாகத் திரள வேண்டும். பாக்டீரியாவுக்கு அது கைவரவில்லை. கைகொடுத்தது, ஆப்ப மாவைப் பொங்க வைக்கிறதே, அந்த ஈஸ்ட்! 1986-ல் அந்தத் தடுப்பூசிக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. (பாக்டீரியாவும் சும்மா இருக்கவில்லை. ஈ.கோலையில் தயாராகும் சீனாவின் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசிக்கு 2021-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் கிடைத்தது.)

இறக்குமதி ஊசியின் விலை நம்மூர் நடுத்தரக் குடும்பத்துக்கே எட்டாததாக இருந்தது. எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரான வரபிரசாத் ரெட்டி, தன் தாய் சாந்தாவின் பெயரில் ஹைதராபாத்தில் தொடங்கிய ‘சாந்தா பயோடெக்னிக்ஸ்’ நிறுவனம், இன்னொரு வகை ஈஸ்ட்டில் இதைத் தயாரித்து 1997-ல் பல மடங்கு குறைந்த விலைக்குக் கொண்டுவந்தது. 2011-ல் இந்தத் தடுப்பூசி நாடு முழுக்க அரசுத் திட்டத்தில் விரிவானது.

கீழாநெல்லியையும் விஞ்ஞானிகள் ஒதுக்கிவிடவில்லை. 1988-ல் சென்னை ஆய்வாளர்கள் அதை ஹெபடைட்டிஸ் பி தொற்று உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, நம்பிக்கையான முடிவை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். இந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் அதில் ஒருவர். பின்னால் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதியாகவில்லை.

அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இந்த ஊசி இலவசம். பிறந்த அன்று ஒன்று. பிறகு 6, 10, 14-வது வாரங்களில் ‘பென்டாவேலன்ட்’ ஊசியோடு சேர்த்தே போட்டுவிடுவார்கள்.