இருமல் எல்லாம் டி.பி. அல்ல

மும்பைவாசிகளான நமக்கு இருமல் புதிதல்ல. மழைக்காலத்தில் ஓர் இருமல், தீபாவளி கழிந்ததும் புகைமூட்டத்தில் இன்னோர் இருமல். மருந்துக்கடை சிரப், சுக்குக் கஷாயம், தெருமுனை டாக்டரின் ஐந்து நாள் மாத்திரை என்று காலம் ஓடுகிறது. அதிலும் குறையாவிட்டால் எக்ஸ்ரே எடுக்கிறோம். நெஞ்சில் நிழல் தெரிந்தால், "டி.பி.யாக இருக்கும்" என்று மருந்து தொடங்கிவிடுகிறது.

பெரும்பாலும் அது டி.பி.யாகவே இருக்கும். நம் நாட்டில் அந்நோய் அவ்வளவு பரவலாக உள்ளது. ஆனால் சிலருக்கு அந்த நிழல் நுரையீரல் புற்றுநோயாக இருந்துவிடுகிறது. டி.பி. மருந்து ஆறு மாதம் சாப்பிட வேண்டியது. அதற்குள் அறுவை சிகிச்சையால் அகற்றியிருக்கக்கூடிய கட்டி, அகற்ற முடியாத நிலைக்குப் போய்விடலாம். பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனைக்கு வரும் நுரையீரல் புற்றுநோயாளிகளில் பலர், முதலில் டி.பி. மருந்து சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வருபவர்கள்தாம். இந்தத் தாமதத்தை நம் குடும்பங்களில் எப்படித் தவிர்ப்பது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குழப்பம் எங்கே வருகிறது?

இரண்டு நோய்களுக்கும் அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றே. விடாத இருமல், சளியில் இரத்தம், உடல் மெலிவு, பசியின்மை, நெஞ்சுவலி, மூச்சு வாங்குதல் ஆகியவை இரண்டிலும் உண்டு. எக்ஸ்ரே படத்தில் தெரியும் நிழலை மட்டும் வைத்து இது இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியாது.

டி.பி.யை உறுதி செய்வது சளிப் பரிசோதனை. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசு மையங்களில் இதை இலவசமாகச் செய்கிறார்கள். கிருமி இருப்பது சளியில் தெரிந்தால் சந்தேகமின்றி டி.பி. மருந்தைத் தொடங்கி, ஒரு நாள்கூட விடாமல் முடிக்க வேண்டும். சளியில் கிருமி இல்லை, ஆனால் எக்ஸ்ரேயில் நிழல் இருக்கிறது என்றால் அங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். "சளியில் ஒன்றும் இல்லையே, சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா டாக்டர்?" என்று கேட்பதில் தவறே இல்லை. டி.பி. மருந்து தொடங்கி இரண்டு மாதமாகியும் எடை கூடவில்லை, இருமல் குறையவில்லை, நிழல் பெரிதாகிறது என்றாலும் இதே கேள்வியைக் கேளுங்கள். நாற்பது வயதைக் கடந்தவர், புகைபிடித்தவர் என்றால் இன்னும் அவசியம். குரல் கம்மிப்போதல், முகமும் கழுத்தும் வீங்குதல், தோளிலிருந்து கைக்கு இறங்கும் வலி ஆகியவற்றையும் அலட்சியம் செய்யக் கூடாது.

யாருக்கு வரும்?

முதல் காரணம் புகையிலைதான். 1950ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் டால், ஹில் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் சிகரெட்டுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பைத் தெளிவாகக் காட்டினார்கள். பீடி சிறியது, இலையில் சுற்றியது, அதனால் கெடுதல் குறைவு என்று நம்மவர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. குறிப்பாகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குப் பீடி வீட்டுத் தொழிலாகவே பழகிய பொருள். ஆனால் பீடி அணையாமலிருக்க அடிக்கடி ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. உள்ளே போகும் தாருக்கும் குறைவில்லை. பீடியும் புற்றுநோய் தருவதே.

புகைக்காதவர்களுக்கு இந்நோய் வராது என்பதும் சரியல்ல. டாடா மருத்துவமனை மருத்துவர்கள் 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அங்கு வந்த நுரையீரல் புற்றுநோயாளிகளில் சுமார் பாதிப் பேர் புகைபிடிக்காதவர்கள். அடுத்தவர் விடும் புகை, கரி அடுப்புப் புகை, ஆஸ்பெஸ்டாஸ் தூசு ஆகியவை காரணங்களாக அறியப்பட்டுள்ளன. 2013இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, வெளிக்காற்று மாசையும் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது. ஆகவே, "அம்மா பீடி சிகரெட்டைத் தொட்டதே இல்லை, அவருக்கு எப்படி வரும்?" என்று சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

புகைப்பவர்கள் எந்த வயதில் நிறுத்தினாலும் பயன் உண்டு. நிறுத்திப் பத்து ஆண்டுகள் ஆனால், இந்நோயால் இறக்கும் அபாயம், தொடர்ந்து புகைப்பவருக்கு உள்ளதில் ஏறக்குறைய பாதியாகிவிடும். தனியே நிறுத்த இயலாதவர்கள் 1800-112-356 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம்.

என்னென்ன சோதனைகள்?

சி.டி. ஸ்கேன் கட்டியின் இடத்தையும் அளவையும் காட்டும். ஆனால் இது புற்றுநோய்தான் என்று தீர்ப்புச் சொல்வது பயாப்ஸி. கட்டியின் இடத்தைப் பொறுத்து, மூச்சுக்குழாய் வழியே மெல்லிய குழாயை விட்டோ, விலாவின் வழியே ஊசி செலுத்தியோ சிறு துண்டு சதை எடுக்கிறார்கள். நெஞ்சில் நீர் கோத்திருந்தால் அந்த நீரையும் எடுத்துச் சோதிப்பார்கள்.

"ஊசி பட்டால் பரவிவிடும், கத்தி பட்டால் போய்விடுவார்" என்ற பேச்சை நம்பிப் பயாப்ஸியை மறுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பயாப்ஸி செய்ததால் நோய் பரவுவது மிக மிக அரிது. செய்யாமல் தள்ளிப்போடும் மாதங்களில் பரவுவதே வழக்கமாக நடப்பது.

எடுத்த சதையைக் கொண்டு நோயின் வகையை அறிகிறார்கள். சுமார் 85 சதவீதம் சிறு செல் அல்லாத வகை. மீதி, வேகமாகப் பரவும் சிறு செல் வகை. முதல் வகையில் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. போன்ற மரபணு மாற்றங்கள் உண்டா என்றும் சோதிப்பார்கள். இதன் முடிவு வரச் சில நாட்கள் பிடிக்கும். பிறகு பெட் ஸ்கேன், மூளைக்கு எம்.ஆர்.ஐ. ஆகியவை எடுத்து நோய் எந்தக் கட்டத்தில் உள்ளது என்று முடிவு செய்வார்கள்.

சிகிச்சை

ஆரம்பக் கட்டமானால் கட்டியுள்ள நுரையீரல் பகுதியை அறுத்து எடுக்கிறார்கள். இது முழுக் குணத்துக்கு வழி. அறுவைக்கு உடல் இடம் கொடுக்காதவர்களுக்குக் கதிர் சிகிச்சை உண்டு. நடுக் கட்டத்தில் கீமோதெரபியும் கதிரும் சேர்த்துத் தருவதுண்டு. சிலருக்கு அறுவையும் சேரும். பரவிவிட்ட நிலையிலும் கைவிட வேண்டியதில்லை. ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ளவர்களுக்கு ஜெஃபிடினிப் போன்ற மாத்திரைகள் நோயைப் பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் கட்டுப்படுத்துகின்றன. இந்தியக் கம்பெனிகளே தயாரிப்பதால் ஜெஃபிடினிப் மாத்திரையின் விலையும் குறைந்துள்ளது. ஆகவே மரபணுச் சோதனையை வீண் செலவு என்று எண்ண வேண்டாம்.

வலி நிவாரணப் பிரிவுக்கு அனுப்பினால் "கைவிட்டுவிட்டார்கள்" என்று கலங்குகிறோம். அமெரிக்காவில் 2010இல் வெளியான ஓர் ஆய்வில், பரவிய நிலையில் இருந்த நோயாளிகளில், தொடக்கத்திலிருந்தே இந்தப் பராமரிப்பையும் பெற்றவர்கள் மனத்தெம்போடும், மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல் காலமும் வாழ்ந்தார்கள் என்று தெரியவந்தது.

இங்கேயா, ஊரிலா?

நோய் என்றதும் "ஊருக்கே போய்விடலாம்" என்று தோன்றுவது இயற்கை. டாடா மருத்துவமனை 1941இலும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இலும் தொடங்கியவை. இரண்டிலும் நல்ல சிகிச்சை உண்டு. கூட இருந்து பார்த்துக்கொள்ள எங்கே ஆள் இருக்கிறதோ அந்த ஊரைத் தேர்ந்துகொள்ளுங்கள். இங்கே பாதி, அங்கே பாதி என்று மட்டும் செய்யாதீர்கள். மாறித்தான் ஆக வேண்டுமென்றால் பயாப்ஸி ஸ்லைடு, சதைத் துண்டு பதித்த மெழுகுக் கட்டி, ஸ்கேன் படங்கள், சிகிச்சைச் சுருக்கம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். சிகிச்சைக்காகப் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்குச் செல்பவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை மருத்துவமனையில் பெறலாம்.

செலவைப் பற்றித் தயங்காமல் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் பேசுங்கள். மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே திட்டத்துக்கு இம்மாநில ரேஷன் கார்டோ இருப்பிடச் சான்றோ கேட்பார்கள். இத்தனை ஆண்டு இங்கிருந்தும் கார்டை ஊரிலேயே வைத்திருப்பவர்கள் நோய் வருமுன்பே இதைச் சரிசெய்துகொள்வது நல்லது.

கடைசியாக ஒன்று. நம் பெரியவர்கள் பலருக்கு இந்தியோ மராத்தியோ சரளமாக வராது. டாக்டருக்கும் அவர்களுக்கும் நடுவில் பிள்ளைகள்தாம் மொழிபெயர்க்கிறார்கள். அப்போது நோயின் பெயரைப் பாசத்தால் மறைத்துவிடுகிறோம். மருந்து எதற்கென்று தெரியாதவர், வாந்தி வந்ததும் மருந்தை நிறுத்திவிடுவார். எத்தனை ஆண்டு புகைத்தார், என்ன வேலை செய்தார், எங்கே வலிக்கிறது என்பதைத் தமிழில் அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் சொல்வதைத் தமிழில் அவரிடமே சொல்லுங்கள். உடம்பு அவருடையது, முடிவிலும் அவருக்குப் பங்கு வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது மூன்று வாரமாக இருமல் இருக்கிறதா? அடுத்த பாட்டில் சிரப் வாங்குமுன் சளியைச் சோதித்து, ஒரு எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள்.