சுமை வண்டி வாங்கப் போறீங்களா? கொஞ்சம் கணக்குப் போடுவோம்!

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது ரோபோ, செயற்கை நுண்ணறிவு என்று ஏதாவது எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எங்கள் வீட்டில் ஆறு மாதமாக ஒரே பேச்சு, வண்டிப் பேச்சு. அதையே எழுதிவிடுகிறேன். நம்மில் பாதிப் பேர் வீட்டில் இன்றைக்கோ நாளைக்கோ இந்தப் பேச்சு வரத்தான் போகிறது.

எனக்கு ஊர் தென்காசிக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசை. அப்பா பதினாறு வருடமாக அடுத்தவர் வண்டி ஓட்டுகிறவர். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகப் புனலூரில் இறக்கிவிட்டு விடியக்காலையில் வீடு வருவார். இப்போது சொந்தமாக ஒரு பிக்அப் வாங்க ஆசை. அம்மாவின் நகையும் கடனும்தான் முதல். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். ஒருநாள் சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "எலே, மெக்கானிக்கல்தான படிக்க? எந்த வண்டி வாங்கலாம்னு சொல்லு பாப்போம்."

உண்மையைச் சொன்னால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டீசல் சுழற்சிக்குப் படம் போடச் சொன்னால் பிழையில்லாமல் போடுவேன். வண்டி வாங்கச் சொன்னால்? அன்றைக்குத்தான் தேட ஆரம்பித்தேன்.

பிக்அப் என்றாலே அமெரிக்காக்காரன் நினைவு வரும். அங்கே ஃபோர்டு நிறுவனம் 1948-லிருந்து எஃப் வரிசை பிக்அப்களைச் செய்கிறது. 1977 முதல் அந்த நாட்டில் அதிகம் விற்கும் டிரக் அதுதான். அங்கே வாங்குகிறவன் முதலில் கேட்பது "எத்தனை டன் இழுக்கும்?" என்பதுதான். படகு, குதிரை வண்டி, வீட்டு வண்டி எல்லாவற்றையும் பின்னால் மாட்டி இழுக்கிறார்கள். நம் ஊரில் இழுக்கிற வேலை டிராக்டருக்கு. பிக்அப் நமக்குச் சின்ன லாரி, அவ்வளவுதான்.

இழுவையைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். பிக்அப் இழுக்கும் டிரெய்லரில், மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை கொக்கியின் மேல் அழுத்த வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதைவிடக் குறைந்தால் டிரெய்லர் பாம்பு மாதிரி ஆடும். ரொம்பக் கூடினால் இழுக்கிற வண்டியின் முன்பக்கம் லேசாகிவிடும். செங்கல் ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்கள் ஊர் ஓடைப் பாலம் ஏறும்போது முன்சக்கரத்தைத் தூக்கியதை நானே பார்த்திருக்கிறேன். முன்சக்கரம் தரையில் இல்லாவிட்டால் ஸ்டியரிங் இருந்து என்ன பயன்?

சரி, பிக்அப்புக்கு வருவோம். 2005-இல் டாடா ஏஸ் வந்தது. இரண்டே சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைத்திறன், முக்கால் டன் சுமை. நம் ஜனங்கள் அதற்குக் குட்டியானை என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த், நம்ம ஓசூரில் செய்தது, ஒன்றேகால் டன். மகிந்திரா பொலேரோ பிக்அப் ஏற்கெனவே இருந்தது. 2019-இல் டாடா இன்ட்ரா வந்தது. 2023-இல் பொலேரோ மேக்ஸ் வரிசையில் இரண்டு டன் வரை தாங்கும் வண்டியும் வந்துவிட்டது. இத்தனையில் எதை எடுப்பது?

டீக்கடையில் கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: "எச்.பி. கூட இருக்கத எடு." இங்கேதான் நண்பர்களே, நாம் படித்த படிப்பு கைகொடுக்கிறது.

பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தை எடுத்துக்கொள்வோம். அதாவது பத்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும். சுமையோடு 3,000 கிலோ உள்ள வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் விசை சுமார் 2,940 நியூட்டன். டயர் உருளும் தடைக்கு ஒரு 440 சேர்த்துக்கொள்ளுங்கள். மணிக்கு 20 கிலோமீட்டரில் ஏற வேண்டுமானால் தேவையான திறன் 25 குதிரைத்திறனுக்குப் பக்கம். அவ்வளவே! இன்றைக்கு விற்கிற ஒன்றரை டன் பிக்அப் எதிலும் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது.

அப்படியானால் சில வண்டி ஏற்றத்தில் திணறுவது ஏன்? எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அந்தத் திறன் கிடைப்பதில்லை. அங்கே பார்க்க வேண்டியது முறுக்கு விசை, அதாவது டார்க். இன்ட்ராவிலேயே வி30, வி50 என்று இரண்டு உண்டு. இரண்டும் 1,496 சி.சி.தான். திறன் 70, 80 என்று பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கிறது. முறுக்கு விசையோ முதலாவதில் 140 நியூட்டன் மீட்டர், இரண்டாவதில் 220! நிமிடத்துக்கு 1,800 சுற்றில் முதலாவது தருவது சுமார் 35 குதிரைத்திறன். ஏறத்தாழ அதே சுற்றில் இரண்டாவது தருவது 54. புளியரை எஸ் வளைவில் முன்னால் போகும் லாரி நின்று, நாமும் நின்று, மறுபடி கிளப்பும்போதுதான் இந்த வித்தியாசம் தெரியும்.

இதை அப்பாவிடம் நோட்டில் எழுதிக் காட்டினேன். பெருமையாகத்தான் காட்டினேன். பார்த்துவிட்டு அவர் சொன்னது: "ஏறுதது கெடக்கட்டும்ல. ஏறாட்டா வண்டி நின்னுரும், அவ்வளவுதான். எறக்கத்துல நிக்காட்டாத்தான் சோலி முடிஞ்சிரும்."

அன்று ராத்திரி நான் இறக்கத்துக்குக் கணக்குப் போட்டேன். அதே 3,000 கிலோ, அதே சரிவு, ஒரு கிலோமீட்டர் தூரம். உயரத்தில் நூறு மீட்டர் இறங்குகிறோம். வெளிவரும் ஆற்றல் 29 லட்சம் ஜூலுக்கு மேல். 30 டிகிரியில் இருக்கும் பத்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் இது! டயர் உராய்வும் காற்றும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். நியூட்ரலில் போட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் மீதியெல்லாம் சக்கரத்துக்குள் இருக்கும் டிரம்மிலும் டிஸ்கிலும்தான் இறங்கும். சூடு ஏற ஏற லைனிங் பிடிமானத்தை இழக்கும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி கேட்காது.

கியரில் இருந்தால் சக்கரம் எஞ்சினைச் சுற்ற வைக்கும், எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும். "எந்தக் கியர்ல ஏறுனியோ அந்தக் கியர்ல எறங்கு" என்று அப்பா எப்போதும் சொல்வது இதுதான். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு தகவல்: இன்றைய டீசல் எஞ்சினில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்ச்சலே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் தன்னைச் சுற்றிக்கொள்ள டீசல் குடிக்கும். எஞ்சினையே அணைத்துவிட்டால் இன்னும் மோசம். பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்து பெடல் கல் மாதிரி ஆகிவிடும். குற்றாலச் சாரல் காலத்து ஈர ரோட்டில் இதைச் செய்கிறவர்களை என்னவென்று சொல்ல!

ஆக, இறங்கும்போது எத்தனை கிலோவைப் பிடித்து நிறுத்தப் போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு விடை விளம்பரத்தில் இல்லை, எடைமேடையில் இருக்கிறது. அப்பா ஓட்டும் வண்டியை ஒருநாள் லோடோடு நிறுத்தினோம். 3,390 கிலோ. ஆர்.சி. புத்தகத்தில் காலி எடை 1,480, அனுமதித்த மொத்த எடை 2,780. கழித்தால் ஏற்றலாம் என்பது 1,300. ஏற்றியிருந்தது 1,910. அறுநூற்றுப் பத்து கிலோ கூடுதல்! கேபினில் உட்காரும் டிரைவர், லோடுமேன் எடையும் இதில் சேர்த்தி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வைத்தியம் உண்டு. பின்பக்கம் பட்டை இரண்டு கூடுதலாகப் போடுவது. வண்டி குனியாமல் நிமிர்ந்து நிற்கும், பார்க்கவும் கம்பீரம்தான். ஆனால் பட்டை சேர்த்ததால் பிரேக் பெரிதாகிவிட்டதா? ஆக்சில் தடித்துவிட்டதா? டயரின் பக்கவாட்டில் ஒரு எண் இருக்கும், போய்ப் பாருங்கள். 100 என்று இருந்தால் அந்த டயர் தாங்குவது 800 கிலோ. பட்டை போட்டாலும் அந்த எண் மாறாது. முன்பெல்லாம் வண்டி குனிந்து எச்சரிக்கும். பட்டை போட்டபின் அந்த எச்சரிக்கையும் போச்சு.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆவது பிரிவின்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மிச்சச் சுமையையும் நம் செலவில் இறக்க வேண்டும். மழையில் கத்தரிக்காயை ரோட்டோரம் இறக்கினால் அது சாயங்காலம் என்ன கதியாகும் என்று உங்களுக்கே தெரியும். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. 7,500 கிலோ வரை சாதாரண இலகுரக வாகன உரிமமே போதும் என்று உச்சநீதிமன்றம் 2017-இல் சொன்னதை அதன் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

அந்த 3,000 கிலோதான் எங்கள் வீட்டுச் சண்டைக்கே மூலம். அதற்குள் நின்றால் ஒன்றரை டன் ஏற்றலாம், பெர்மிட் வேண்டாம், கடனும் குறைவு. இரண்டு டன் வேண்டுமென்றால் அதைத் தாண்ட வேண்டும். நான் அப்பாவின் ஒரு மாத நோட்டை எடுத்து எண்ணினேன். 24 நடையில் ஆள் எடையும் சேர்த்து 1,500 கிலோவைத் தாண்டியது 7 நடைதான். "பாத்தீங்களாப்பா, சின்னதே போதும்" என்றேன். அப்பா சிரித்தார். "அந்த ஏழு நடையிலதாம்ல காசு. மிச்ச நடையெல்லாம் டீசலுக்கும் தவணைக்கும் சரியாப் போவும்."

எனக்குப் பதில் வரவில்லை. சராசரி போடத் தெரிந்த எனக்கு, சராசரியில் வயிறு நிறையாது என்று தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து அம்மாதான் வழி சொன்னார்கள். பெரியப்பா மகன் ஒரு குட்டியானை வைத்திருக்கிறான். பாதி நாள் சும்மாதான் நிற்கிறது. அந்த ஏழு நடைக்கு மிஞ்சும் மூட்டைகளை அவன் வண்டியில் ஏற்றி, வாடகையைப் பங்கு போட்டுக்கொள்வது. கூட்டிப் பார்த்தேன், 1,910 கிலோ வந்த நாளில்கூட மிஞ்சுவது நானூற்றுச் சொச்சம்தான். குட்டியானை தாராளமாகத் தாங்கும்.

ஒன்றரை டன் வண்டி என்று முடிவாகிவிட்டது. முறுக்கு விசை 200-க்கு மேல் இருக்கிறதையே பார்ப்பது என்றும் ஒத்துக்கொண்டார். முன்பணம் கட்டிவிட்டு வரும் வழியில் பைக்கில் அப்பா மெதுவாகச் சொன்னார்: "எல்லாம் நீ சொன்னபடியேதான் எடுக்கோம். பட்டை மட்டும் ஒண்ணே ஒண்ணு போட்டுக்கிடுதேன்."

வண்டி அடுத்த மாதம் வருகிறது. பட்டை விஷயம் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.