உங்களுக்குத் தெரியுமா? – கரிசல் காட்டுக் கணக்கு

இளையரசனேந்தல்காரர்களுக்கு முகவரி எழுதுவதே ஒரு வேலை. சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்த பிர்கா 2008-ல் கோவில்பட்டி தாலுகாவுக்குப் போயிற்று. திருநெல்வேலி மாவட்டம் என்று எழுதிய கை தூத்துக்குடி என்று எழுதப் பழக வேண்டியதாயிற்று. ஆனால் இங்கிருந்து எந்தத் திசையில் பஸ் ஏறினாலும், பழைய தொழிலுக்குப் புதுக் கணக்குப் போட்டவர்களின் ஊர் ஒன்று வந்துவிடும். அப்படிச் சில.

* * *

தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்று சொல்லும் ஊர் கோவில்பட்டி. தீப்பெட்டி ஆபீஸ்! 1923-ல் சுவீடன்காரர்களின் விம்கோ கம்பெனி இந்தியாவில் தொடங்கியது. அதே வருஷம், கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். விம்கோவிடம் இயந்திரம் இருந்தது. இவர்கள் பக்கத்தில் வேலைக்கு வந்தது வீட்டுத் திண்ணை. பெட்டி ஒட்டுவது வீட்டில். எண்ணிக்கை குரோஸில், அதாவது 144 பெட்டி. பள்ளம் வெட்டிய சட்டங்களில் குச்சியைப் பரப்பி, ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி இறுக்குவதற்குப் பெயர் கட்டை அடுக்குவது. குச்சித் தலைகள் ஒரே மட்டத்தில் நிற்காவிட்டால் முக்கும்போது மருந்து சீராக ஏறாது. அதைக் கண்ணால் பார்க்காமல் விரலாலேயே தட்டிச் சரிசெய்துகொண்டு ஊர்க்கதை பேசுகிற பெண்களை இந்தப் பக்கம் பார்க்கலாம். கையால் செய்த பெட்டிக்கு அரசு கலால் வரியைக் குறைத்து வைத்ததும் சேர்ந்துகொள்ள, இயந்திரத்துக்கு ஈடுகொடுத்து நின்றது திண்ணை. கூலி சொற்பம் என்பதையும், ஒரு காலத்தில் குழந்தைகளின் விரல்களும் அந்தக் கட்டையில் இருந்தன என்பதையும் மறைத்துவிட்டுப் பெருமை பேசக் கூடாது.

அந்தப் பெட்டியின் விலை 2007-ல் ஒரு ரூபாய். இரண்டு ரூபாய் ஆனது 2021 டிசம்பர் 1-ல். இடையில் 14 வருஷம்! விலையை ஏற்றியபோது குச்சியையும் 36-லிருந்து 50 ஆக்கிக் கொடுத்தார்கள்.

* * *

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2020-ல். யாரோ ஒரு முதலாளிக்குச் சொந்தமில்லாத பிராண்ட் அது. பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் வியாபாரத்தில் போட்டியாளர்கள், பெயரில் பங்காளிகள்.

* * *

கிழக்கே ஒட்டப்பிடாரம். அந்த ஊர் வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது மூலதனம் 10 லட்சம் ரூபாய் என்று வைத்து, அதை 25 ரூபாய்ப் பங்குகளாக 40,000 துண்டு போட்டார். தூத்துக்குடி–கொழும்பு ஓட்டத்தில் அதுவரை தனிக்காட்டு ராஜாவாக இருந்த வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை வெட்டியது. கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுத்ததாம். இன்றைக்குப் போனில் வருகிற 'முதல் சவாரி இலவசம்' கூப்பனுக்கு அந்தக் குடைதான் பாட்டன்.

* * *

எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும், கண்ணுக்குள் கத்தி வைக்கப் பழகிக்கொண்டவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்று 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் பார்த்து வியந்தது எதைத் தெரியுமா? அமெரிக்காவின் மெக்டொனால்ட்ஸ் கடைகளை! எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே தரத்தில் கிடைக்கிறதே, கண்புரை அறுவையை அப்படிச் செய்ய முடியாதா என்று யோசித்தார். ஒரு மேஜையில் அறுவை முடிகிறபோது பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். டாக்டர் திரும்பிக்கொண்டால் போதும். ஆயத்த வேலைகளெல்லாம், பள்ளிப் படிப்பு முடித்து இங்கேயே பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்களின் கையில்.

பணம் கட்டுகிறவர் கட்டலாம், முடியாதவர் இலவசப் பிரிவுக்குப் போகலாம். வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. எல்லோரும் இலவசப் பக்கமே போய்விட மாட்டார்களா என்று எந்த ஆடிட்டரும் கேட்பார். போகவில்லை! கட்டியவர்கள் பணத்தில் கட்டாதவர்களுக்கும் பார்வை கிடைத்து, மிச்சமும் நின்றது. கண்ணுக்குள் வைக்கும் வெளிநாட்டு லென்ஸ் நூறு டாலர் அளவில் விற்ற காலத்தில், 1992-ல் ஆரோலேப் என்று சொந்தப் பட்டறையே போட்டு, பத்து டாலர் அளவுக்கு இறக்கினார்கள். நம் பக்கத்துக்கு வசதியாகத் திருநெல்வேலிக் கிளை 1988-லிருந்தே இருக்கிறது.

* * *

மேற்கே தென்காசி. மத்தளம்பாறைக்கு 2011-ல் சோஹோ வந்தது. சாப்ட்வேர் என்றால் டிகிரி என்றிருந்த காலத்தில், பிளஸ் டூ பையன்களைச் சேர்த்து, பீஸ் வாங்குவதற்குப் பதிலாக மாதாமாதம் உதவித்தொகை கொடுத்துப் படிக்கவைத்த கம்பெனி. பெற்றோர்கள் முதலில் நம்பவே பயந்திருப்பார்கள்.

* * *

கொஞ்சம் தூரம்தான், இருந்தாலும் நம் பெட்டிக்கடை வாசலில் சரமாகத் தொங்குவதால் சொல்கிறேன்: ஷாம்பு பாக்கெட். பாட்டிலை உடைத்துப் பாக்கெட்டில் அடைத்தவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியே வந்து சிக் ஷாம்பு போட்டார். ஐந்து காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்று அறிவித்தார். முதலில் எந்தக் கம்பெனிக் காலிப் பாக்கெட்டும் செல்லும் என்றார்கள். கொஞ்ச நாள் கழித்து, சிக் பாக்கெட் மட்டும்தான் செல்லும் என்றார்கள். அதற்குள் தலைக்குப் பழகிவிட்டது.