படுக்கையில் பிறந்த பள்ளி

ஸ்ரீரங்கத்தில் அரங்கனைத் துயிலெழுப்பப் பாடுவது திருப்பள்ளியெழுச்சி. அங்கே பள்ளி என்றால் உறக்கம். காவிரியின் தென்கரையில் அதே சொல் திருச்சிராப்பள்ளி என்ற ஊர்ப்பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் பையைச் சுமந்துகொண்டு போகும் இடமும் பள்ளிதான். மூன்றுக்கும் படுக்கையே மூலம் என்பது என் கட்சி. மலைக்கோட்டைக் குன்றில், உச்சிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்புறக் குகையில், சமணத் துறவிகளுக்கான கற்படுக்கைகள் இருக்கின்றன. தலைமாட்டில் மட்டும் கல்லைச் சற்று மேடாக விட்டுத் தலையணையாக்கியிருக்கிறார்கள். புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசலில் இப்படி 17 படுக்கைகள் உண்டு. மதுரை அருகே மாங்குளத்தில், ஏறத்தாழ கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, கணிநந்தன் என்ற துறவிக்கு நெடுஞ்செழியனின் பணியாளன் செய்து கொடுத்த அறத்தைச் சொல்கிறது. கொடுத்த பொருளின் பெயர் ‘பளிய்’. அது படுக்கையா, உறைவிடமா? பிரிப்பது கடினம், பிரிக்கவும் தேவையில்லை. வெறும் குகையில் நாலு படுக்கை வெட்டிவிட்டால் அது உறைவிடம். துறவிகள் தங்கிய உறைவிடத்தில் ஓதுதலும் நடந்தது. பெயர் அப்படியே கல்விக்கும் போயிற்று.

பள்ளி என்பது சிற்றூரைத்தானே குறிக்கும், படுக்கை எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். அந்தப் பொருளும் உண்மைதான். ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் இதற்கு உறவான ஊர்ப்பெயர்கள் ஏராளம். மனிதர் தங்கும் இடம் என்ற பொருள் ஊருக்கும் மடத்துக்கும் பொதுவாகப் பொருந்துவதால் இது என் வாதத்துக்கு எதிரியல்ல. இன்னொரு மறுப்பு தலபுராணத்திலிருந்து வரும்: திரிசிரன் என்ற மூன்று தலை அசுரன் வழிபட்டதால் ஊர் திரிசிரபுரம் ஆயிற்றாம். கதை அழகானது. ஆனால் 7ஆம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் இவ்வூரைச் ‘சிராப்பள்ளி’ என்று பாடிவிட்டார். ஆரூர் திருவாரூர் ஆனதுபோல் முன்னால் நிற்பது மரியாதைக்குச் சேர்த்த ‘திரு’. அதைக் கழற்றினால் அசுரனுக்கு ஒரு தலைகூட மிஞ்சாது!

அப்படியானால் பள்ளி சமணர்களின் தனிச்சொத்தா என்றால், அதுவும் இல்லை. மதுரைக்காஞ்சி பௌத்தர்களின் கடவுட் பள்ளியையும் அந்தணர் பள்ளியையும் காட்டுகிறது. பிற்காலத்தில் முஸ்லிம்களின் தொழுகையிடம் பள்ளிவாசல் ஆனது. கேரளத்தில் கிறிஸ்தவ தேவாலயமும் பள்ளியே. ஆங்கிலத்தின் ‘ஸ்கூல்’ கூடப் படிப்பில் பிறந்த சொல் அல்ல. ஓய்வு என்று பொருள்பட்ட கிரேக்கச் சொல் லத்தீனுக்குப் போய், அங்கிருந்து பழைய ஆங்கிலத்துக்கும் ஜெர்மானிய உறவு மொழிகளுக்கும் இறங்கியது. தமிழில் ஒரே சொல் இத்தனை வேலை பார்த்ததால், எந்தப் பள்ளி என்று பிரித்துக்காட்ட ஒட்டுகள் தேவைப்பட்டன: தூங்க அறை, தொழ வாசல், படிக்கக் கூடம்.