350 சி.சி. எல்லைக்கோடும் உங்கள் மோட்டார் சைக்கிளும்

நூறு சி.சி. வண்டியில் பல்லாண்டுகள் பணிக்குச் சென்றுவந்தவர்கள், வாழ்க்கையில் ஓரளவு நிலைபெற்ற பின் சற்றுப் பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்க விரும்புவது இயல்பு. அவர்களுக்கு இன்று இந்தியச் சந்தையில் தேர்வுக்குக் குறைவில்லை. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, ஹோண்டா ஹைனெஸ் சி.பி.350, டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.டி.ஆர். 310, டிரையம்ப் ஸ்பீட் 400, கே.டி.எம். 390 டியூக், ஹார்லி-டேவிட்சன் எக்ஸ்440 எனப் பட்டியல் நீள்கிறது. ஒரு வண்டியின் தோற்றத்திலும் மற்றொன்றின் ஓசையிலும் மனம் பறிகொடுத்து, ஒரே மாலையில் முன்பணம் கட்டிவிடுவோரும் உண்டு.

வாங்கும் மகிழ்ச்சி ஒரு நாளில் கிட்டிவிடும். தவணையும் எரிபொருளும் காப்பீடும் ஐந்தாண்டுகள் உடன்வரும். ஆகவே, காட்சியறையில் எழுதப்பட்டுள்ள விலையை மட்டும் ஒப்பிடாமல், வண்டி நம்மிடம் இருக்கப்போகும் காலம் முழுவதற்குமான செலவையும் பயனையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே முறையாகும்.

இருவகை எஞ்சின்கள், இருவகைக் குணங்கள்

மேற்கண்ட வண்டிகள் அனைத்தும் ஒற்றை உருளை எஞ்சின் கொண்டவையே. ஆயினும், அவற்றின் குணம் ஒன்றன்று.

கிளாசிக் 350 எஞ்சினில் உருளையின் விட்டம் 72 மில்லிமீட்டர். பிஸ்டன் நகரும் தூரம் 85.8 மில்லிமீட்டர். ஸ்பீட் 400 எஞ்சினில் இந்த அளவுகள் தலைகீழாக உள்ளன: விட்டம் 89, நகரும் தூரம் 64. பிஸ்டன் நெடுந்தூரம் நகரும் எஞ்சின் நிதானமாகச் சுழன்றே நல்ல இழுவையைத் தரும். குறுகிய தூரம் நகரும் எஞ்சினோ விரைந்து சுழன்று மிகுந்த ஆற்றலை வெளிப்படுத்தும்.

இதன் விளைவை எண்களில் காணலாம். கிளாசிக் 350 ஏறத்தாழ 20 குதிரைத்திறனையும், நிமிடத்துக்கு 4,000 சுழற்சிகளில் 27 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும் அளிக்கிறது. ஹைனெஸ் 3,000 சுழற்சிகளிலேயே 30 நியூட்டன் மீட்டரை எட்டிவிடுகிறது. ஸ்பீட் 400 ஏறத்தாழ 40 குதிரைத்திறன் கொண்டது; ஆனால் அதன் உச்ச முறுக்குவிசையான 37.5 நியூட்டன் மீட்டர் 6,500 சுழற்சிகளில்தான் கிடைக்கும். 390 டியூக்கின் ஆற்றல் ஏறத்தாழ 45 குதிரைத்திறன்.

நகர நெரிசலில் மூன்றாம் கியரிலேயே மெல்ல ஊர்ந்து செல்ல விரும்புவோருக்கு முதல் வகை ஏற்றது. கியரை அடிக்கடி மாற்றவேண்டிய தேவை அதில் குறைவு. நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, ஒரு பேருந்தை விரைந்து முந்திச் செல்லும் ஆற்றல் தேவையெனில் இரண்டாம் வகையே கைகொடுக்கும். இவற்றுள் எது சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. தாம் எந்தச் சாலையில், எத்தனை நாள், யாரை ஏற்றிக்கொண்டு ஓட்டப்போகிறோம் என்பதற்கு ஒருவர் தரும் விடையே அவருக்குரிய வண்டியைத் தீர்மானிக்கும்.

வரியும் காப்பீடும் வரைந்த கோடு

இந்த வண்டிகளைப் பிரிக்கும் மற்றொரு கோடும் உண்டு. அதை வரைந்தது அரசின் கட்டண அட்டவணை.

2025 செப்டம்பர் 22 முதல், 350 சி.சி. வரையிலான மோட்டார் சைக்கிள்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. அந்த அளவுக்கு மேற்பட்டவற்றுக்கு முன்பு 28 விழுக்காடு வரியும் 3 விழுக்காடு மேல்வரியும் இருந்தன. அவை நீங்கி, வரி 40 விழுக்காடாக உயர்ந்தது. வரிக்கு முந்தைய விலை 1,80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் 349 சி.சி. எனில் வரியுடன் 2,12,400 ரூபாய்; 398 சி.சி. எனில் 2,52,000 ரூபாய். வேறுபாடு 39,600 ரூபாய். பல மாநிலங்களில் சாலை வரி வண்டியின் விலையில் விழுக்காடாகக் கணக்கிடப்படுவதால், அந்த இடைவெளி மேலும் விரியும். வரி உயர்வைத் தாமே ஏற்பதாகச் சில உற்பத்தியாளர்கள் அறிவித்ததும் உண்டு. ஆகவே, கணக்குப் போடும் நாளில் எழுத்துமூலமான விலைப்புள்ளியைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

காப்பீட்டிலும் இதே 350தான் எல்லை. 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணையின்படி, 150 சி.சி.க்கு மேல் 350 சி.சி. வரையிலான வண்டிக்கு ஐந்தாண்டுக் கட்டணம் 7,365 ரூபாய், 350 சி.சி.க்கு மேற்பட்டதற்கு 15,117 ரூபாய். வரி இதில் சேரவில்லை.

ஆயினும், எல்லைக்கோடும் எஞ்சினின் குணமும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. 312 சி.சி. கொண்ட அப்பாச்சி ஆர்.டி.ஆர். 310 விரைந்து சுழலும் வகையைச் சேர்ந்தது. 35 குதிரைத்திறனை நெருங்கும் ஆற்றலுடையது. இருந்தும் குறைந்த வரிக்குள் அடங்கிவிடுகிறது. 440 சி.சி. கொண்ட எக்ஸ்440 நிதானமான இழுவைக்குப் பெயர்பெற்றது. ஆயினும் உயர்ந்த வரிக்கு உட்படுகிறது. வண்டியின் பெயரிலுள்ள எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்போர் இத்தகைய வாய்ப்புகளைத் தவறவிடக்கூடும்.

ஐந்தாண்டுக் கணக்கு

இனி முழுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டம், பெட்ரோல் லிட்டருக்கு 100 ரூபாய் என்று கொள்வோம். லிட்டருக்கு 35 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 1,14,300 ரூபாய் எரிபொருளுக்குச் செலவாகும். 28 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு ஏறத்தாழ 1,42,900 ரூபாய். வேறுபாடு 28,600 ரூபாய்.

இதனுடன் மேலே கண்ட வரி வேறுபாடு 39,600 ரூபாயையும், காப்பீட்டு வேறுபாடு 7,752 ரூபாயையும் கூட்டினால், மொத்தம் ஏறத்தாழ 76,000 ரூபாய். அறுபது மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதம் 1,270 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

இந்தக் கணக்கில் அடங்காதவையும் உள்ளன. ஸ்பீட் 400, 390 டியூக், ஆர்.டி.ஆர். 310 ஆகியவற்றின் பின்சக்கரத்தில் 150 மில்லிமீட்டர் அகலமுள்ள ரேடியல் டயர் பொருத்தப்படுகிறது. கிளாசிக் 350 வண்டியின் 120 மில்லிமீட்டர் டயரைக் காட்டிலும் அதை மாற்றும் செலவு கூடுதல். மறுபுறம், ஸ்பீட் 400 வண்டிக்கு முதல் சர்வீஸுக்குப் பின் 16,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என நீண்ட இடைவெளி அறிவிக்கப்பட்டுள்ளது. ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு ஓராண்டு என்பதே முன்னதாக வரும் என்பதால், அந்த நீண்ட இடைவெளியின் முழுப்பயன் அவருக்குக் கிட்டாது. சர்வீஸ் மையம் தம் ஊரில் உள்ளதா, மாவட்டத் தலைநகருக்குச் செல்லவேண்டுமா என்பதும் செலவில் சேரும்.

மாதம் 1,270 ரூபாய் என்பது வாரந்தோறும் நெடுஞ்சாலைப் பயணம் மேற்கொள்பவருக்கு நியாயமான விலையாக இருக்கலாம். நாள்தோறும் பன்னிரண்டு கிலோமீட்டர் நெரிசலில் மட்டும் ஓட்டுபவருக்கு, பயன்படுத்தாத ஆற்றலுக்குக் கட்டும் வாடகையாகவே அது முடியும்.

ஓட்டிப் பார்க்கும் வேளையில்

காட்சியறையைச் சுற்றி ஐந்து நிமிடம் ஓட்டுவது போதாது. நெரிசலிலும் மேட்டிலும் ஓட்டிப் பார்க்க அனுமதி கேட்கவேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியைக் கையால் பின்னோக்கித் தள்ளிப் பார்ப்பதும் நன்று. கிளாசிக் 350 வண்டியின் எடை 195 கிலோ. குறுகிய சந்தில் வண்டி நிறுத்தும் வீட்டாருக்கு இந்த எண் அன்றாடம் நினைவுக்கு வரும். இருபது நிமிட ஓட்டத்துக்குப் பின் காலருகே வெப்பம் தாக்குகிறதா, கைப்பிடியில் அதிர்வு மிகுகிறதா என்று கவனிக்கவேண்டும்.

பின்னிருக்கையில் வழக்கமாக அமர்பவரையும் உடன் அழைத்துச் செல்வது நலம். தாயோ துணைவியோ ஏறி இறங்குவதற்கு இருக்கை உயரமாக உள்ளதா, அமர்வதற்கு இடம் போதுமா என்பதை அவர்களே சொல்லமுடியும். விரைவுக்கென வடிவமைக்கப்பட்ட வண்டிகளில் பின்னிருக்கை சிறுத்திருப்பது வழக்கம்.

கடனில் கவனிக்கவேண்டியவை

இரண்டு லட்சம் ரூபாய்க் கடனை 11 விழுக்காடு வட்டியில், குறையும் நிலுவையின் அடிப்படையில், மூன்றாண்டுகளில் திருப்பிச் செலுத்தினால் மாதத் தவணை ஏறத்தாழ 6,548 ரூபாய்; மொத்த வட்டி 35,700 ரூபாய். ஐந்தாண்டுகளுக்கு நீட்டித்தால் தவணை 4,348 ரூபாயாகக் குறையும். ஆனால் வட்டி ஏறத்தாழ 60,900 ரூபாயாக உயரும்.

அதே 11 விழுக்காட்டை 'ஃபிளாட்' முறையில் கணக்கிட்டால் நிலைமை வேறு. திருப்பிச் செலுத்திய தொகை கழிக்கப்படாமல், முழுக்கடனுக்கும் மூன்றாண்டுகள் வட்டி விதிக்கப்படும். வட்டி 66,000 ரூபாய். தவணை 7,389 ரூபாய். குறையும் நிலுவை முறையில் சொன்னால் இது 19 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வட்டியாகும். 2024 அக்டோபர் 1 முதல், சில்லறைக் கடன்கள் அனைத்துக்கும் முக்கிய விவர அறிக்கை வழங்கப்படவேண்டும் என்பது இந்திய ரிசர்வ் வங்கியின் விதி. கட்டணங்களையும் உள்ளடக்கிய ஆண்டு விழுக்காட்டு வீதம் அதில் இருக்கும். இரு கடன்களை ஒப்பிட அந்த ஓர் எண்ணே நம்பத்தக்கது.

காப்பீட்டில் பலரும் கவனியாத செய்தி ஒன்று. புதிய வண்டியுடன் பெறும் காப்பீட்டில் மூன்றாம் நபர் பகுதி ஐந்தாண்டுகளுக்கு உரியது. சொந்தச் சேதப் பகுதியோ பெரும்பாலும் ஓராண்டுக்கு மட்டுமே. பத்திரத்தில் ஐந்தாண்டு என்று கண்டு அமைதியடைந்து இரண்டாம் ஆண்டில் புதுப்பிக்காமல் விட்டால், வண்டி களவு போனாலும் விபத்தில் நொறுங்கினாலும் இழப்பீடு கிடைக்காது. கடன் தவணை மட்டும் தொடரும். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கு 20 முதல் 50 விழுக்காடு வரை கிடைக்கும் சலுகையும், உரிய காலத்தில் புதுப்பித்தால்தான் நிலைக்கும்.

கடன் தீர்ந்ததும் வங்கியிடமிருந்து தடையின்மைச் சான்றையும் படிவம் 35-ஐயும் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அளித்து, பதிவுச் சான்றிலுள்ள வங்கியின் உரிமைக் குறிப்பை நீக்கிக்கொள்ள வேண்டும். இதைத் தள்ளிப்போடுவோர் வண்டியை விற்க முனையும்போது இடருக்கு உள்ளாவர்.

முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு தாளில் நான்கு எண்களை எழுதிப் பார்க்கலாம்: ஆண்டு ஓட்டம், ஐந்தாண்டு மொத்தச் செலவு, மாதத் தவணை, தலைக்கவசம் உள்ளிட்ட பாதுகாப்புச் சாதனங்களுக்கு ஒதுக்கும் தொகை. விருப்பப் பட்டியலிலுள்ள இரண்டு வண்டிகளுக்கும் இவற்றை அருகருகே எழுதினால், எந்த வண்டியை இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்பது அத்தாளிலேயே தெரிந்துவிடும்.