நடுவும் ஓரமும்



சட்டைப்பைக்குள் அடங்கும் சிறிய பைனாகுலர்கள் இன்று மாணவர் கைக்கும் எட்டும் பொருளாகிவிட்டன. இரண்டு கருவிகளை ஒருங்கே வைத்து, எது சிறந்தது என்று தேர்வது எங்ஙனம்? ஓரத்திலும் உருவம் கூர்மையாகத் தெரிகின்றதா என்பதைக் கொண்டே பலர் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றனர். அத்தீர்ப்பு எவ்வளவு சரியானது என்று ஆராய்வோம்.

சோதனைக்கு ஏற்ற இடம் நம் திருச்சியிலேயே உண்டு. மலைக்கோட்டை உச்சியில் நின்று வடக்கே நோக்கினால், காவிரிக்கு அப்பால், ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில், 1987ஆம் ஆண்டில் நிறைவுற்ற திருவரங்கத்து இராஜகோபுரம் 236 அடி உயரத்தில் நிமிர்ந்து நிற்கும். அதன் உச்சியில் 13 கலசங்கள் வரிசையாக உள்ளன. முழங்கைகளைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, அவற்றைக் காட்சியின் நடுவில் நிறுத்திச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குக. தனித்தனியே எண்ண முடிகின்றதா? வானத்தை ஒட்டிய விளிம்பில் ஊதாவோ பச்சையோ கசிகின்றதா? கசிந்தால் அது நிறப்பிறழ்ச்சி. ஒளியின் பல நிறங்களையும் லென்ஸ் ஓரிடத்தில் குவிக்கவில்லை என்பது பொருள். நடுவில் தேறாத கருவியின் ஓரத்தை ஆராய்வதில் பயனில்லை.

இனி, கலசங்கள் காட்சியின் ஓரத்திற்கு வருமாறு கருவியைச் சற்றே திருப்புக. அவை கலங்கினால் உடனே குறை கூற வேண்டா. சக்கரத்தைச் சிறிது திருப்பிப் பாருங்கள். தெளிந்துவிட்டால், அது புலவளைவு என்னும் குறை. லென்ஸ்கள் அமைக்கும் உருவம் தட்டையான பரப்பில் விழாமல், கிண்ணம்போல் வளைந்த பரப்பில் விழுவதே இதன் காரணம். எவ்வளவு திருப்பியும் தெளியாவிடில், புள்ளியைப் புள்ளியாகக் காட்ட இயலாத வேறு குறைகள் அங்குள்ளன. அவற்றுக்குச் சக்கரம் மருந்தாகாது.

இங்கே ஒரு வியப்பைக் கவனியுங்கள். இளைஞரின் விழிலென்ஸ் எளிதில் வளைந்து கொடுப்பதால், புலவளைவை ஓரளவு தானே ஈடுசெய்துவிடும். முதியவரின் விழிக்கு அந்த நெகிழ்ச்சி இல்லை. ஆகவே ஒரே கருவியைப் பேரன் புகழலாம், பாட்டனார் இகழலாம். இருவர் கூற்றும் மெய்யே!

ஓரத்தைத் திருத்தக் கண்ணருகே கூடுதல் லென்ஸ்கள் வேண்டும். எடையும் விலையும் ஏறும். காவிரி மணலில் ஒரு பறவை அசைவதை ஓரத்தில் உணர்கிறோம். உடனே கருவியைத் திருப்பி அதை நடுவில்தானே காண்கிறோம்? எனவே நடுத்தெளிவே முதன்மை.

ஒளியையும் எண்ணுக. 8×25 என்ற கருவியில் 25ஐ 8ஆல் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். நண்பகலில் கண்மணி சுருங்கியிருப்பதால் இது போதும். அந்தியில் கண்மணி விரியும்போது, 5 மில்லிமீட்டர் தரும் 8×42 கருவியே ஒளிமிக்கது. எக்கருவியாயினும் கதிரவனை நோக்கித் திருப்பலாகாது, கண் பறிபோகும்.

பிறர் சொல்லையும் விலையையும் மட்டும் நம்பாமல், ஒரே இடத்தில், ஒரே பொருளை, ஒரே வேளையில் இரு கருவிகளாலும் நோக்கி, உங்கள் கண்ணையே நடுவராக்குங்கள்.