அன்றாடப் பழக்கங்களும் கைத்தொலைபேசிச் செயலிகளும்: சூழல் பேணல் பற்றிய ஒரு நோக்கு

மின்விளக்கை அணைத்தல், குறுந்தூரத்தை நடந்து கடத்தல், உணவை வீணாக்காதிருத்தல், பொலித்தீன் பைக்குப் பதிலாகத் துணிப்பையை எடுத்துச் செல்லல் முதலிய சிறு செயல்களை மக்களிடையே பழக்கமாக்கும் நோக்குடன் கைத்தொலைபேசிச் செயலிகள் பல அண்மைத் தசாப்தங்களில் தோன்றியுள்ளன. வரவேற்போர் இவற்றிலே சூழல் நெருக்கடிக்கான எளிய தீர்வொன்றைக் காண்கின்றனர். ஐயுறுவோர் இவற்றை வெறும் விளையாட்டுப் பொருள்களென ஒதுக்கிவிடுகின்றனர். இவ்விரு நிலைப்பாடுகளும் பிரச்சினையின் அடியைத் தொடுவனவாகத் தெரியவில்லை. செயலி ஒன்று எதனை அளக்கிறது, யாருடைய நலன் கருதி அளக்கிறது, அளந்ததைக் கொண்டு என்ன செய்கிறது என்னும் வினாக்களை எழுப்பும்போதே அதன் சமூகப் பெறுமதி துலங்கும். அவ்வினாக்களுக்கு விடை தேடுவதும், அவ்விடைகளிலிருந்து செயலி வடிவமைப்புக்குரிய சில அடிப்படைகளை வகுத்துக்கொள்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

முதற்கண் பழக்கம் என்பதன் இயல்பினை வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். ஒரே சூழ்நிலையில் திரும்பத் திரும்பச் செய்யப்படும் செயல், காலப்போக்கில் சிந்தனையின் ஏவலின்றியே நிகழத் தொடங்குகிறது. அந்நிலையே பழக்கம் எனப்படும். இலண்டன் யுனிவர்சிற்றிக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவர்தம் குழுவினரும் 2010 இல் வெளியிட்ட ஆய்வொன்று இது தொடர்பில் பெரிதும் எடுத்தாளப்படுவது. அதிற் பங்குபற்றிய 96 பேரும் உணவு, பானம், உடற்பயிற்சி ஆகியவற்றுள் தாம் தெரிந்துகொண்ட ஒரு செயலை நாள்தோறும் செய்து வந்தனர். அச்செயல் தன்னியல்பாக நிகழும் நிலையை எய்துவதற்கு இடைநிலை அளவில் 66 நாட்கள் தேவைப்பட்டன. எனினும் இக்காலம் ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபடுவதாக மதிப்பிடப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியமை பழக்க உருவாக்கத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை என்பதும் அவ்வாய்வின் முடிபாகும்.

ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பி. ஜே. ஃபொக் 2009 இல் முன்வைத்த நடத்தை மாதிரியும் ஈண்டு நோக்கற்பாலது. ஊக்கம், இயலுமை, தூண்டல் ஆகிய மூன்றும் ஒரே வேளையிற் கூடும்போதே ஒரு நடத்தை நிகழும் என்பது அவரது கருத்து. இம்மூன்றனுள் கைத்தொலைபேசி எளிதில் வழங்கவல்லது தூண்டல் ஒன்றையே. ஊக்கத்தை அது ஓரளவு வளர்க்கலாம். இயலுமையோ பெரும்பாலும் செயலிக்குப் புறத்தே, சமூக வாழ்வின் ஏற்பாடுகளிலே தங்கியுள்ளது. பேருந்து ஓடாத வழியில் வாழ்பவருக்குப் பேருந்திற் செல்லுமாறு நாள்தோறும் நினைவூட்டுவதால் பயன் யாது?

இவ்விடத்து முரண்பாடொன்றையும் மனங்கொள்ளல் வேண்டும். பழக்கம் முதிர்ந்தபின் நினைவூட்டல் வேண்டப்படுவதில்லை. எனவே தன் பணியைச் செவ்வனே நிறைவேற்றிய செயலி, காலப்போக்கில் தேவையற்றதாகிவிடல் வேண்டும். ஆனால் வணிகச் செயலியின் வருவாயோ, பயனாளர் அதனை ஓயாது திறந்து பார்ப்பதிலேயே தங்கியுள்ளது. ஒரு நாள் தவறினால் அதுவரை சேர்ந்த கணக்கை அழித்துப் பூச்சியத்திலிருந்து தொடங்கச் செய்யும் முறை இதற்குத் தக்க சான்று. மேற்காட்டிய ஆய்வின்படி பழக்க உருவாக்கத்துக்கு அது தேவையற்றது. பயனாளரைத் திரையுடன் பிணைத்து வைத்தற்கே அது பெரிதும் உதவுகிறது.

2

இம்முரண்பாட்டினைத் தெளிவுறக் காட்டுவது சீனாவின் ‘எறும்புக் காடு’ ஆகும். அலிபே என்னும் பணக்கொடுப்பனவுச் செயலியின் ஒரு பகுதியாக 2016 ஓகஸ்டில் இது தொடங்கப்பெற்றது. பயனாளர் நடந்து சென்றாலும், பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்தினாலும், கட்டணங்களை இணையவழிச் செலுத்தினாலும் அதனாற் தவிர்க்கப்படும் காபனீரொட்சைட்டு மதிப்பிடப்பட்டு, ‘பசுமைச் சக்தி’ என்னும் பெயரிற் கிராம் கணக்கில் வரவு வைக்கப்படும். அச்சக்தி போதியளவு திரண்டதும், திரையில் வளர்ந்த மரத்துக்கு ஈடாக உள்மொங்கோலியா, கான்சு முதலிய வறண்ட பிரதேசங்களில் உண்மையான மரமொன்று நடப்படும். நண்பர் ஒருவர் உரிய நேரத்திற் சேகரியாது விட்ட சக்தியை மற்றொருவர் ‘களவாடிக்’ கொள்ளவும் இடமுண்டு. 2019 இல் ஐக்கிய நாடுகள் சூழல் நிகழ்ச்சித்திட்டத்தின் உயர் விருது இதற்குக் கிடைத்தது. அவ்வேளையில் பங்குபற்றியோர் தொகை 50 கோடி எனவும், நடப்பட்ட மரங்கள் 10 கோடிக்கும் அதிகம் எனவும் அறிவிக்கப்பட்டது.

கண்ணுக்குப் புலப்படாத வாயுவொன்றை மரம் என்னும் காட்சிப்பொருளாக்கியதும், தனிமனிதச் செயலை நண்பர் குழாத்தின் கூட்டு விளையாட்டாக்கியதும் இதன் சாதனைகள் எனலாம். ஆயினும் அதன் கணக்கேட்டைச் சற்று நுணுகி நோக்குதல் தகும். கடைகளில் அலிபே மூலம் பணம் செலுத்துவதும் பசுமைச் செயலாக அங்கு வரவு வைக்கப்பட்டது. வாங்கப்பட்ட பொருள் யாது, அது தேவையானதா என்னும் வினாக்கள் அக்கணக்கில் இடம்பெறவில்லை. வாகனம் வாங்க வசதியின்றி ஏலவே நடந்து திரிந்தவருக்கும், வாகனத்தை வீட்டில் நிறுத்திவிட்டு நடந்தவருக்கும் அது ஒரே வரவையே தரவல்லது. முன்னையவர் வாழ்வில் மாற்றம் எதுவும் நிகழவில்லை. கணக்கில் மாத்திரம் ‘குறைப்பு’ நிகழ்ந்துள்ளது. எதனை அளக்கிறோமோ அதனையே கற்பிக்கிறோம். காலையில் எழுந்ததும் சக்தி சேகரிக்கச் செயலியைத் திறப்பதே மிக உறுதியாக வேரூன்றும் பழக்கமாயின், அதனாற் பயன் பெறுவது சூழலா, பணக்கொடுப்பனவு நிறுவனமா என்பது வினாவுக்குரியது.

3

அடையாளங்களை விடுத்து, உண்மையான நுகர்வையே அளந்த முயற்சிகளும் உள. கலிபோர்ணியாவின் சான் மார்க்கோஸ் நகரில் 290 வீடுகளை உள்ளடக்கி நிகழ்ந்த ஆய்வொன்றை வெஸ்லி ஷுல்ட்ஸ், ரொபேர்ட் சியால்டினி முதலானோர் 2007 இல் வெளியிட்டனர். ஒவ்வொரு வீட்டாருக்கும் அவர்தம் மின்நுகர்வும், அயலாரின் சராசரி நுகர்வும் அறிவிக்கப்பட்டன. சராசரிக்கு மேல் நுகர்ந்தோர் தம் நுகர்வைக் குறைத்தனர். ஆனால் சராசரிக்குக் கீழ் நுகர்ந்தோரோ அதனைக் கூட்டினர். சிக்கனமாக வாழ்ந்தவருக்குச் சராசரி என்பது செலவழிக்கும் அனுமதியாகிவிட்டது. குறைவாக நுகர்ந்தோருக்கான அறிவித்தலில் சிரித்த முகமொன்றைச் சேர்த்தபோது இவ்வெதிர்விளைவு மறைந்தது. ஓர் எண்ணை வெளியிடுவது நடுநிலையான செயலன்று என்பதனை இது நன்கு உணர்த்துகிறது.

இவ்வுத்தியைப் பெருமளவிற் கையாண்ட ஓபவர் நிறுவனத்தின் அறிக்கைகளை ஹன்ட் அல்கொட் 2011 இல் மதிப்பிட்டார். ஏறத்தாழ 6 இலட்சம் வீடுகளில் ஏற்பட்ட சராசரி மின்நுகர்வுக் குறைப்பு 2 சதவீதம். இது புறக்கணிக்கத்தக்கதன்று, செலவு குறைந்த வழியுமாகும். ஆயின் எஞ்சிய 98 சதவீதமும் நல்லறிவுறுத்தலின் எல்லைக்கு அப்பால், வீட்டின் அமைப்பு, சாதனங்களின் தரம், மின்னுற்பத்திக்குப் பயன்படும் எரிபொருள் ஆகியவற்றைப் பொறுத்துள்ளது என்பதும் உடன்வைத்து எண்ணத்தக்கது.

4

தனிமனிதரின் பொறுப்பு என்னும் கருத்து எவ்வாறு முதன்மை பெற்றது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. வில்லியம் றீஸ், மத்திஸ் வாக்கர்நாகல் ஆகியோர் 1990 களில் வளர்த்தெடுத்த ‘சூழலியற் சுவடு’ என்னும் எண்ணக்கரு, சமூகங்கள் முழுமையாக இயற்கையின்மீது சுமத்தும் பாரத்தை அளக்க முனைந்தது. 2004 இல் பி.பி. எண்ணெய்க் கம்பனி, ஒவ்வொருவரும் தத்தம் ‘காபன் சுவட்டினைக்’ கணித்துக்கொள்வதற்கான இணையக் கருவியை வெளியிட்டு அச்சொல்லை விளம்பரங்கள் வாயிலாகப் பரப்பியது. எரிபொருளை அகழ்ந்து விற்பவர் கேட்பவராகவும், வாங்குபவர் விடையளிக்கக் கடமைப்பட்டவராகவும் மாறினர். 1751 முதல் 2010 வரை வெளியேறிய கைத்தொழில்சார் காபனீரொட்சைட்டு, மெதேன் ஆகியவற்றில் 63 சதவீதத்தை 90 பெரும் உற்பத்தியாளருடன் தொடர்புபடுத்தலாம் என ரிச்சர்ட் ஹீடி 2014 இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. அவ்வெரிபொருளை எரித்தோருள் நுகர்வோரும் அடங்குவர் என்பது உண்மையே. ஆயினும் எதனை எரிப்பது என்னும் தெரிவு அவர்கள் கையில் எவ்வளவு இருந்தது என்பதே இங்கு எழும் கேள்வி.

நமது நாட்டு அனுபவமொன்றும் இத்தொடர்பிற் பயனுள்ளது. 2022 யூலையில் அறிமுகமாகி 2023 செப்டெம்பரில் நிறுத்தப்பட்ட எரிபொருள் ஒதுக்கீட்டு முறை, ‘கியூஆர்’ முறை என மக்களிடையே வழங்கியது. வாகன வகைக்கேற்ப வாராந்த அளவினை அது வரையறுத்தது. எண்முறைக் கருவியொன்று பற்றாக்குறையைப் பகிர்ந்தளிக்கும் சமூக ஏற்பாடாகவும் இயங்கலாம் என்பதற்கு அது எடுத்துக்காட்டு. எனினும் அது பகிர்வு முறையேயன்றிப் பழக்க உருவாக்கமன்று. வாகனமின்றிப் பயணஞ் செய்வதற்கான புதிய வழியெதனையும் அது திறந்துவிடவில்லை.

5

இதுகாறும் கூறியவற்றிலிருந்து வடிவமைப்புக்குரிய அடிப்படைகள் சில பெறப்படும். முதலாவதாக, புள்ளிகளையும் பதக்கங்களையும் அன்றி, மின்மானி, நீர்மானி முதலியவை காட்டும் உண்மையான நுகர்வையே செயலி அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும். இரண்டாவதாக, பழக்கம் வேரூன்றியதும் நினைவூட்டல்களைத் தானாகவே குறைத்து ஒதுங்கிக்கொள்ளும் வண்ணம் அது அமைதல் வேண்டும். மூன்றாவதாக, ஏலவே குறைவாக நுகர்வோரை மேலும் குறைக்குமாறு ஏவுதல் ஆகாது. வறுமையைச் சூழல் ஒழுக்கமெனப் போற்றுவதும் ஆகாது. நான்காவதாக, குப்பை பிரித்தல், துணிப்பை தோய்த்தல், மீந்த உணவைப் பேணல் ஆகிய வேலைகள் நடைமுறையிற் பெரும்பாலும் பெண்களின் தலையிலேயே விழுகின்றன. ஆகவே வீட்டில் யார் எவ்வேலையைச் செய்கின்றனர் என்பதும் கணக்கில் இடம்பெறல் வேண்டும். ஐந்தாவதாக, திரட்டப்படும் தகவல் திரட்டியளித்த மக்களுக்கே உரியதாதல் வேண்டும்.

இவற்றுள் இறுதியானதே தலையாயது. ஓர் ஊரில் ஆயிரம் பேர் பேருந்திற் செல்ல முயன்று முடியாமற் போனதைச் செயலி இன்று ஆயிரம் தனித்தனித் தோல்விகளாகவே பதிவு செய்கிறது. அதே தரவை வழி, நேரம், இடம் என ஒருங்குதிரட்டினால் அது பேருந்துச் சேவைக்கான கோரிக்கைப் பத்திரமாகும். இயலாமைக்கான காரணத்தைப் பதிவு செய்ய ஒரு சிறு இடம் ஒதுக்கினாற் போதும். தொழில்நுட்ப அளவில் இது கடினமானதன்று. அவ்வாறு செய்யும் செயலி மக்களின் மனச்சாட்சியை உறுத்துவதோடு அமையாது, அவர்தம் குரலையும் உரியவிடத்துச் சேர்ப்பிக்கும். செயலியை அமைக்க முற்படும் நமது மாணவர் முதலில் எழுப்பவேண்டிய வினா, மக்களை எவ்வாறு மாற்றுவது என்பதன்று; மாற விரும்பும் மக்களைத் தடுத்து நிற்பது யாது என்பதே.